கழிவுநீரும் இளம்பிள்ளை வாதமும்

இளம்பிள்ளை வாதம் கால்களை முடக்கும் நோயென்றே பலரும் அறிவர். ஆயின் அந்நோய்க்குரிய வைரசு முதலிற் பெருகுமிடம் தொண்டையும் குடலுமாகும். அது தொற்றியவர்களுள் ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவரே முடமாகின்றனர். ஏனையோரிற் பெரும்பாலார் நோயுற்றதையே அறியாது நடமாடி, வாரக்கணக்காக வைரசை மலத்துடன் வெளியேற்றுவர். எனவே மருத்துவமனையிற் கிடப்போரை எண்ணி ஒரு நகரத்தின் நிலையை அறிய முயல்வோர், கணக்கின் பெரும்பகுதியை விட்டுவிடுகின்றனர். விடுபட்ட பகுதி நிலத்தின்கீழ்க் குழாய்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதனைக் காட்டிய முதல் முயற்சிகளுள் ஒன்று 1939ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துச் சார்ள்ஸ்ரன் நகரில் அவ்வாண்டு இந்நோய் பரவியபோது, யேல் பல்கலைக்கழகத்து மருத்துவர்களான ஜோன் போல், ஜேம்ஸ் திராஸ்க் என்போர் தம் துணைவருடன் அந்நகரின் கழிவுநீரை எடுத்துக் குரங்குகளுக்கு ஊசிமூலம் ஏற்றி, அதில் வைரசு இருத்தலை நிறுவினர். குரங்கை நோயுறச் செய்வதன்றி வைரசைக் காணும் எளிய வழி அன்று இருந்திலது. உயிர்க்கலங்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து அவற்றில் இவ்வைரசைப் பெருக்கும் முறையை எண்டர்சு, வெல்லர், றொபின்சு ஆகிய மூவர் 1949இலேயே வெளியிட்டனர். அதுவரை ஒரு சாடி அழுக்குநீரின் உண்மையை அறிய விலங்குயிர் பலியாக வேண்டியிருந்தது. போலும் திராஸ்கும் தேடியது நோய் பரவும் வழியையே. நோயை வேவு பார்க்கும் கருவியொன்று தம் கைக்கு வந்ததென அவர்கள் அன்று முழுதும் உணர்ந்தனர் எனக் கூறுதல் மிகையாகும்.

அக்கருவியின் வலிமை இஸ்ரேலில் 2013இல் நன்கு புலப்பட்டது. அந்நாடு 1988இல் நேர்ந்த நோய்ப் பரவலின் பின், 1989 முதல் கழிவுநீரை ஒழுங்காகச் சோதித்து வந்தது. 2005 தொடக்கம் அங்கே குழந்தைகளுக்குச் செயலிழந்த வைரசினாலான ஊசி மருந்து மட்டுமே வழங்கப்பட்டது. அது நரம்பைக் காக்கும். குடலில் வைரசு குடியேறுவதைப் போதியவாறு தடுக்காது. 2013 மே மாதத்தில், தெற்கே பெதூயின் அராபியர் வாழும் ரஹாத் நகரின் கழிவுநீரில் வைரசு காணப்பட்டது. அது 2012 டிசெம்பரிற் கெய்ரோ நகரக் கழிவுநீரிற் கண்ட வைரசின் இனத்தது. ஒரு பிள்ளையேனும் முடமாகவில்லை. ஆயினும் ஓகஸ்டு மாதத்தில், ஊசி பெற்ற பிள்ளைகளுக்கும் சொட்டு மருந்து வழங்க அரசு துணிந்தது. தம் பிள்ளைக்குப் பாதுகாப்பு உளதாயின், பிறர் பொருட்டு இன்னொரு மருந்து ஏன் எனப் பெற்றோர் சிலர் வினவினர். அவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எனினும் இலட்சக்கணக்கான பிள்ளைகள் சொட்டு மருந்து பெற்றனர். 2014இல் வைரசு கழிவுநீரினின்றும் மறைந்தது. அப்பரவலில் எவரும் முடமாகவில்லை.

ரஹாத்திலிருந்து அதிக தொலைவில்லாத காசாவில் நிலைமை வேறாயிற்று. போரினாற் கழிவுநீர் தெருக்களிற் பெருகிய அந்நிலத்தில், 2024 யூன் மாதம் எடுத்த மாதிரிகளில், தடுப்பு மருந்து வைரசினின்று திரிந்து தோன்றிய இரண்டாம் வகை வைரசு இருத்தல் யூலையில் அறிவிக்கப்பட்டது. பத்து மாதக் குழந்தையொன்று இந்நோயால் முடமானமை ஓகஸ்டில் உறுதிசெய்யப்பட்டது. சொட்டு மருந்து வழங்கும் பணி செப்டெம்பர் முதலாந் திகதி தொடங்கியது.