மேற்கோளும் இடஞ்சுட்டலும்

ஒருவர் கூறியதை மற்றொருவர் தம் கட்டுரையில் எடுத்தாளுமிடத்து, அஃது எவருடைய கூற்று, எந்நூலில் எப்பக்கத்தில் உள்ளது என்று காட்டுதல் ஆராய்ச்சியாளர்க்குரிய முதற்கடன் ஆகும். ஆசிரியர் பெயர், நூற்பெயர், வெளியிட்டோர், இடம், ஆண்டு, பக்கம் என்பன இன்ன வரிசையில் அமைதல் வேண்டும் என ஆய்விதழ்கள் விதி வகுத்துள்ளன. மாணவர் பலர் இவ்விதிகளை மேலைநாட்டார் புகுத்திய வெறுஞ் சடங்கென்றும், கட்டுரை முடிந்தபின் ஒட்டப்படும் அணியென்றும் கருதுவர். தமிழ் நூல்களின் வரலாற்றை நோக்குவார்க்கு அக்கருத்துப் பொருந்தாமை இனிது புலனாகும்.

தொல்காப்பியர் தமக்கு முன்னிருந்தோர் கொள்கையைக் கூறும் இடங்களில் 'என்ப' என்றும் 'என்மனார் புலவர்' என்றும் முடிப்பர். கருத்துத் தமதன்று, முன்னோரது என உணர்த்தும் நேர்மை அங்கே உண்டு. ஆயினும் அப்புலவர் யாவர் என்பது கூறப்படவில்லை. இறையனார் களவியலுரை இதனினும் ஒருபடி மேற்செல்கின்றது. நக்கீரர் தொடங்கி, அவர் மகனார் கீரவிகொற்றனார் வழியாக, முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை அவ்வுரை வந்த வழியை அது முறையே பெயர் சுட்டி உரைக்கின்றது. கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் மார்க்கக் கல்வி பயின்றோர்க்கு இம்முறை புதியதன்று. நபிமொழியை அறிவிப்பாளர் தொடரோடு கூறுதல் அக்கல்வியின் அடிப்படை. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் புகாரி, அத்தொடரில் வருவோரின் நம்பகத்தை ஆராய்ந்தே தம் தொகுப்பிற் சேர்த்தார். சொன்னது யாது என்பதோடு சொன்னவர் யார் என்பதும் அறியப்படல் வேண்டும் என்பது இரு மரபுக்கும் பொதுவாயிற்று.

உரையாசிரியர் காலத்தில் மேற்கோளின் பயன் இன்னுந் தெளிவாகின்றது. சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், தாம் துணைக்கொண்ட இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் என்னும் ஐந்தனையும் பெயர் கூறிச் சுட்டினார். அவர் பெயர் சுட்டியமையாலேயே மறைந்த இசை நாடக நூல்களைப் பற்றிப் பிற்காலத்தார் அறிந்தனர். அவற்றுட் பஞ்சமரபு நெடுங்காலத்தின் பின் ஏட்டுச்சுவடியாகக் கிடைத்து அச்சேறியபோது, அதன் பெருமையைத் தமிழறிஞர் உடனே உணர்ந்தமைக்கும் அவ்வுரையே காரணம். வளையாபதி, குண்டலகேசி என்னும் காப்பியங்கள் முழுவதாகக் கிடைத்தில. பிறர் எடுத்தாண்டும் தொகுத்தும் வைத்த செய்யுள்களே எஞ்சின. மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்னும் நூலை எழுத இயன்றதும் இத்தகைய மேற்கோள்களின் துணையாலேயே. மூலம் அழிந்தவிடத்து மேற்கோளே மூலமாகின்றது.

பெயர் சுட்டாத மேற்கோள் இப்பயனைத் தருவதில்லை. நச்சினார்க்கினியர் சீவகசிந்தாமணி உரையில் அடிகள் பலவற்றை எடுத்துக்காட்டி, 'என்றார் பிறரும்' என்ற அளவில் அமைந்தார். அவர் காலத்து மாணாக்கர்க்கு அது போதியதாயிருந்தது போலும். பல நூற்றாண்டு கழிந்தபின் அவ்வுரையைப் பதிப்பிக்கப் புகுந்த உ. வே. சாமிநாதையரோ, அவை எந்நூலின எனத் தெரியாது இடர்ப்பட்டார். பத்துப்பாட்டு ஏடுகள் கைக்கெட்டிய பின்னரே அவற்றுட் சில விளங்கின. 1887இற் சிந்தாமணியும், 1892இற் சிலப்பதிகாரமும், 1894இற் புறநானூறும் வெளியிட்ட அப்பெரியார், மேற்கோள்களின் இருப்பிடத்தைத் தேடிக் காட்டியும், பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தந்தும் பதிப்புமுறைக்கே இலக்கணமானார். முன்னோர் ஒரு சொல்லிற் சுட்டாது விட்டதைத் தேடப் பின்னோர் ஒருவர் பல்லாண்டு உழைக்க நேர்ந்தது.

கல்முனைக்கு அணித்தான காரைதீவில் 1892இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இம்மரபின் முழுப்பயனையும் கொண்டவர். பண்டைய யாழ்க்கருவி வழக்கொழிந்த பின், அதனை ஆராய அவர்க்குக் கிடைத்த சான்றுகளுள் தலையாயவை சிலப்பதிகாரமும் அதன் உரைகளுமே. அவற்றினின்று 1947இல் 'யாழ் நூல்' தோன்றியது. உரைகாரர் சான்று காட்டாது தம் முடிபை மட்டும் எழுதியிருப்பின் அவ்வாராய்ச்சிக்கு அடித்தளம் இல்லாது போயிருக்கும்.

மேலைநாட்டில் 1881இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக விலங்கியலறிஞர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க், ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறியுள் தரும் முறையைக் கையாண்டார். அறிவியலார் பெரிதும் இதனைப் பின்பற்ற, வரலாற்றாசிரியர் பலர் அடிக்குறிப்பு முறையையே போற்றினர். எம்முறையைக் கொள்ளினும் குற்றமில்லை. ஒரே கட்டுரையில் இரண்டையுங் கலத்தலே குற்றம். இதழாசிரியர் விதிக்கும் முறையை முதலில் அறிந்து, தொடக்கமுதல் இறுதிவரை அதனையே பற்றுதல் வேண்டும்.

ஆயின் தமிழ்ப் பெயர்க்கு மேலைநாட்டு விதி அப்படியே பொருந்தாது. அங்கே குடிப்பெயர் இறுதியில் நிற்கும். அதனை முன்னே எழுதி அகரநிரற்படுத்துவர். தமிழரின் முதலெழுத்துகளோ ஊரையும் தந்தையையுங் குறிப்பன. சாமிநாதையர்க்கு 'உ' உத்தமதானபுரம், 'வே' வேங்கடசுப்பையர். ஆகவே 'சாமிநாதையர், உ. வே.' என்று எழுதினால், முன்னிற்பது குடிப்பெயரன்று, இயற்பெயரே என்பது நினைவிலிருத்தற்குரியது. 1885இல் வெளிவந்த 'அசன்பேயுடைய கதை'யை இயற்றியவரைச் 'சித்திலெவ்வை, மு. கா.' எனக் குறித்தலே தேடுவார்க்கு எளிது. ஓரிடத்துச் சாமிநாதையர் என்றும் வேறிடத்துச் சாமிநாதன் என்றும் எழுதின், ஒருவர் இருவராய்த் தோன்றுவர்.

ஆண்டுக் கணக்கும் அத்தகையது. பழைய பதிப்புகள் பல அறுபதாண்டு வட்டத்துப் பெயரையே தாங்கியுள்ளன. ஜய ஆண்டு 1894, 1954, 2014 ஆகிய மூன்றிலும் சித்திரையிற் பிறந்தது. எனவே 'ஜய' என்று மட்டுங் குறித்தல் போதாது. கிறித்துவ ஆண்டையும் உடனெழுதல் வேண்டும். முதற்பதிப்பு எது, கையாண்ட பதிப்பு எது என்பதையும் தெரிவித்தல் வேண்டும்; பதிப்பு மாறின் பக்கமும் மாறும்.

கீழ்க்கரை வரலாற்றை எழுதப் புகுவார்க்கு இவ்வெச்சரிக்கை மிகவும் வேண்டற்பாலது. 1962இல் எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்', 1964இல் வெளிவந்த வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' முதலியன கைக்கொள்ளத்தக்கன. ஆயின் பழைய ஏட்டுச் செய்தியும் பிற்கால ஆசிரியர் கருத்தும் ஒருதரத்தன அல்ல. கல்முனைக்கு மேற்கே நாவிதன்வெளிப் பகுதியிலுள்ள சொறிக்கல்முனை என்னும் ஊர்ப்பெயர்க்கு ஒரு மாணவர் பொருள்காண முயல்கின்றார் எனக் கொள்வோம். அகராதி தரும் பொருள் ஒன்று. ஊர் முதியோர் கூறும் வரலாறு ஒன்று. மாணவர் தாமே ஊகிப்பது ஒன்று. மூன்றையுங் கலந்து 'என்பர்' என முடித்துவிடின், அடுத்து வருவோர் அதனையே மேற்கோளாக்குவர். ஊகம் இரு தலைமுறையில் வரலாறாகிவிடும். முதியோர் வாய்மொழியாயின், அவர் இசைவு பெற்றுப் பெயரும் ஊரும் கேட்ட நாளும் குறித்தலே முறை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏடுகளும் அரிய நூல்களும் சாம்பராயின. 2004 டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை கல்முனை, மருதமுனை, காரைதீவு முதலிய கரையூர்களில் மனிதரைக் கொண்டுசென்றதோடு, இல்லங்களிற் பேணப்பட்ட உறுதிகளையும் குறிப்பேடுகளையும் கொண்டுசென்றது. அவற்றை முன்னரே கண்ட ஒருவர் சொல் மாறாது பெயர்த்தெழுதி, இன்னாரிடம் இன்ன நாளிற் கண்டது என்று குறித்திருப்பின், அக்குறிப்பே இன்று ஊரின் சான்றாகும். பக்க எண்ணும் ஆண்டும் பிழையறப் பொறிப்பதைச் சிறுதொழிலென இகழ்தல் தகாது. இன்று கைக்கெட்டும் நூல் நாளை கிடையாதாகலாம்; அன்று அதனைத் தேடி வருவார்க்கு வழிகாட்டி நிற்பது அவ்வொருவரிக் குறிப்பேயாம்.