பெயர்களின் வரிசை

வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்துக்குப் பக்கத்தில், தரைக்குக் கீழே சரிந்து இறங்கும் ஒரு கறுப்புச் சுவர் இருக்கிறது. வியட்நாம் போரில் இறந்த, காணாமல் போன அமெரிக்கர்கள் 58,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பதவி கிடையாது, படைப்பிரிவு கிடையாது, ஊர் கிடையாது. வெறும் பெயர். அதை எந்த வரிசையில் எழுதுவது என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றலாம். ஆனால் அந்தச் சுவரின் உயிரே அந்த வரிசையில்தான் இருக்கிறது.

இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பியவர்களுக்கு ஊர்வலம் நடந்தது. வியட்நாமுக்குப் போனவர்களுக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. பெரும்பாலானோருக்குப் பணிக்காலம் சுமார் ஓர் ஆண்டு. அவரவர் தவணை முடிந்ததும் தனித்தனியாக விமானம் ஏறி வந்தார்கள். நேற்று காட்டில், நாளை மறுநாள் அம்மாவின் சமையலறையில். தோற்ற போர், ஊருக்கே பிடிக்காத போர். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இவர்களும் பேசவில்லை.

அங்கே காயம்பட்டுத் திரும்பிய ஜான் ஸ்க்ரக்ஸ் என்ற காலாட்படை வீரர் 1979ல் ‘தி டீர் ஹன்ட்டர்’ படத்தைப் பார்த்தார். இறந்தவர்கள் எல்லோருடைய பெயரையும் ஓரிடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று அதன்பின் கிளம்பினார். பணம் பொதுமக்கள் நன்கொடை. நாடாளுமன்றம் 1980ல் இடம் கொடுத்தது. வடிவமைப்புப் போட்டிக்கு வந்த திட்டங்கள் 1,421. அனுப்பியவர் யார் என்று நடுவர்களுக்குத் தெரியாதபடி, எண் மட்டும் போட்டு வைத்திருந்தார்கள். தேர்வானது மாயா லின் வரைந்தது. யேல் பல்கலைக்கழக மாணவி, வயது 21, சீன வம்சாவளி.

எதிர்ப்பு கிளம்பியது, அதுவும் போர்வீரர்களிடமிருந்தே. மற்ற நினைவுச் சின்னங்கள் வெள்ளையாக, நிமிர்ந்து நிற்கும்போது எங்களுக்கு மட்டும் ஏன் கறுப்பில், பள்ளத்தில்? போரில் காயம்பட்டுப் பதக்கம் வாங்கிய டாம் கார்ஹார்ட், இது அவமானத்தின் கறுப்பு வெட்டுக்காயம் என்ற பொருளில் பொதுவிசாரணையிலேயே பேசினார். கடைசியில் சமரசமாக, சற்றுத் தள்ளி ஒரு கொடிக்கம்பமும், ஃபிரெடரிக் ஹார்ட் செய்த மூன்று வீரர்கள் சிலையும் வைப்பது என்று முடிவானது.

வரிசைச் சிக்கலும் இந்தக் காலத்தில் வந்ததுதான். அகரவரிசையில் போட்டால் தேட வசதி என்றார்கள் சிலர். மாயா லின் இறந்த தேதி வரிசைதான் வேண்டும் என்று நின்றார். பட்டியலைப் பிரித்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 600 பேருக்கு மேல். ஜேம்ஸ் ஜோன்ஸ் 16 பேர். அகரவரிசையில் அது டெலிபோன் டைரக்டரி ஆகிவிடும். பதினாறில் என் பிள்ளை எவன் என்று தாய் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

என் தொழிலில் இது தினசரிக் கேள்வி. தரவை எப்படி அடுக்குவது, தேடுவதற்கு என்ன வழி வைப்பது? இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. அங்கேயும் அதைத்தான் செய்தார்கள். சுவரில் தேதி வரிசை. ஒரே நாளில் இறந்தவர்களுக்குள் மட்டும் அகரவரிசை. தேடுவதற்குத் தனியாக ஒரு புத்தகம், அதில் பெயருக்கு நேரே பலகை எண், வரி எண்.

விளைவு பெரியது. ஒரே சண்டையில் விழுந்தவர்கள் சுவரிலும் பக்கம்பக்கமாக இருக்கிறார்கள். பிழைத்து வந்தவன் தன் நாளைத் தேடிப் போகிறான். நண்பனின் பெயரைத் தொட்டால் அதற்கு மேலும் கீழும் அன்றைக்கு உடனிருந்த மற்றவர்கள். இரண்டு வரிக்கு நடுவில் தன் பெயரும் வந்திருக்கலாம் என்று அவனுக்குத் தெரியும். 1959 சுவரின் நடு முனையில் தொடங்கி வலது கோடிக்குப் போகிறது; மறுபடி இடது கோடியில் தொடங்கி 1975ல் அதே முனைக்கு வந்து சேர்கிறது. முதல் சாவும் கடைசிச் சாவும் ஒட்டி நிற்கின்றன. தனித்தனியாக ஊர் திரும்பியவர்களுக்குத் தங்கள் கூட்டம் அங்கே கிடைத்தது.

கல் நம்ம பக்கத்திலிருந்து போனது, பெங்களூர் கிரானைட். கண்ணாடிபோல் மெருகேறும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள். பெயரைப் படிப்பவரின் முகம் அந்தப் பெயர்மேல் விழுகிறது.

1982 நவம்பர் 13 அன்று திறந்தார்கள். முதலிலிருந்தே ஜனங்கள் பொருள்களை வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள்: கடிதம், பூட்ஸ், பதக்கம், பீர் கேன், ஒருமுறை ஹார்லி டேவிட்சன் பைக்கே. தேசியப் பூங்காத் துறை அவற்றைச் சேகரித்து வைத்திருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் சாய்சதுரம் இருந்தால் மரணம் உறுதி, சிலுவைக் குறி இருந்தால் காணாமல் போனவர். எலும்பு கிடைத்து அடையாளம் தெரிந்தால் சிலுவைமேல் சாய்சதுரம் செதுக்குவார்கள். உயிரோடு வந்தால் சுற்றி ஒரு வட்டம் போடுவதாக ஏற்பாடு. இதுவரை ஒரு வட்டம்கூடப் போடவில்லை.

ஆனால் தேதி வரிசைக்குள் வராத சாவுகளும் உண்டு. ஏஜென்ட் ஆரஞ்ச் என்ற களைக்கொல்லியால் புற்றுநோய் வந்து இருபது வருடம் கழித்து இறந்தவர், தூக்கம் கெட்டுத் தற்கொலை செய்துகொண்டவர் ஆகியோருக்குச் சுவரில் இடமில்லை. பின்னாளில் இறந்தவர் என்றால், போர்ப்பகுதியில் பட்ட காயத்தால் இறந்திருக்க வேண்டும் என்பது ராணுவத்தின் விதி. இந்தக் குடும்பங்கள் விடவில்லை. 2004ல் பக்கத்தில் தரையோடு ஒரு கல் பதித்தார்கள், போருக்குப் பின் அதன் விளைவால் இறந்தவர்களுக்காக. அதில் பெயர் எதுவும் இல்லை.

கணவனைப் பதினைந்து வருடம் மருத்துவமனை மருத்துவமனையாக அழைத்துப்போன ஒரு பெண் அங்கே வந்தால், விரல் வைத்துத் தொட அவளுக்கு ஒரு வரி கிடையாது.