பால் இயந்திரத்தில் பிரிந்த மர நார்

ஒரு காகிதத்தைக் கிழித்துப் பாருங்கள். ஓரத்தில் மெல்லிய நார்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 30 மைக்ரோமீட்டர் அகலம். அதற்குள்ளே சில நானோமீட்டர் அகலமே உள்ள செல்லுலோஸ் நுண்ணிழைகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன, கயிற்றுக்குள் புரிகளும் புரிக்குள் தேங்காய் நாரும் இருப்பதுபோல. இந்தக் கயிற்றைப் பிரிக்க மனிதன் பட்ட பாடு கொஞ்சமல்ல!

தாவரத்திலிருந்து செல்லுலோஸை 1838ல் முதலில் பிரித்துக் காட்டியவர் பிரான்சின் அன்செல்ம் பேயன். 1949ல் ஸ்வீடனின் பெங்க்ட் ரான்பி கந்தக அமிலத்தைப் பயன்படுத்தினார். செல்லுலோஸின் ஒழுங்கற்ற பகுதிகளை அமிலம் அரித்துவிடும். ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகத் துண்டுகள் மிஞ்சும். ஆனால் இழை துண்டாகிவிடுகிறதே! நீளமாகவே வேண்டுமென்றால்?

1970களின் இறுதியில் அமெரிக்காவின் ஐ.டி.டி. ரேயோனியர் நிறுவனத்தில் டர்பாக், ஸ்னைடர், சாண்ட்பெர்க் ஆகியோர் பாலைச் சீராக்கும் ஹோமோஜினைசரில் மரக்கூழ்க் கரைசலை ஊற்றினார்கள். அதிக அழுத்தத்தில் குறுகிய இடைவெளி வழியே பாய்ந்த கூழ் கெட்டியான ஜெல்லாக வெளியே வந்தது. நார்கள் பிரிந்துவிட்டன! 1983ல் ஆய்வுக் கட்டுரைகளும் வெளியாயின.

ஆனால் தொழிற்சாலைகள் தயங்கின. காரணம் மின்சாரம். ஒரு டன் தயாரிக்க 20,000 யூனிட்டுக்கு மேல் செலவானது. போதாததற்கு இயந்திரமும் அடிக்கடி அடைத்துக்கொண்டது. நல்ல கண்டுபிடிப்பு இருபது வருடங்களுக்கு மேல் பெரிய தொழிலாக வளரவில்லை.

விடை வேதியியலில் இருந்தது. 2006ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் அகிரா இசோகாய், சுகுயுகி சைட்டோ குழுவினர், டெம்போ என்ற வினையூக்கியால் இழைகளின் மேற்பரப்பில் எதிர்மின் சுமையை ஏற்றினார்கள். ஒரே வகைச் சுமைகள் ஒன்றையொன்று விலக்கும் அல்லவா? அதனால் லேசான கடைதலே போதுமானது. கிடைத்தவை 3 முதல் 4 நானோமீட்டர் அகல இழைகள். அதே காலத்தில் ஸ்வீடனில் நொதிகளால் கூழை முதலில் தளர்த்தி, மின்செலவைப் பெருமளவு குறைத்தார்கள். 2011ல் ஸ்டாக்ஹோமில் முன்னோடி ஆலையும், 2017ல் ஜப்பானின் இஷினோமாகியில் வருடத்துக்கு 500 டன் தயாரிக்கும் ஆலையும் வந்தன.

எல்லாம் முடிந்ததா? இல்லை. இந்த ஜெல்லில் பெரும்பகுதி தண்ணீர்தான். அப்படியே லாரியில் ஏற்றினால் தண்ணீருக்குத்தான் வாடகை கொடுக்க வேண்டும். காயவைத்தாலோ, பாடுபட்டுப் பிரித்த இழைகள் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன! பிரிக்கக் கற்றாயிற்று, ஒட்டாமல், மலிவாகக் காயவைப்பதுதான் மிச்சமிருக்கும் வேலை.