கணினிக் கோப்பு ஒழுங்கு: உத்திரமேரூர் வட்டாரத்தில்

கணினியில் சேமிக்கப்படும் சான்றிதழ், படம், கணக்கு ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. பல கோப்புகளை ஒரே பெயரில் சேர்த்து வைக்கும் இடம் கோப்புறை. பேச்சில் இரண்டும் ஃபைல், ஃபோல்டர் என்றே வழங்குகின்றன. கோப்புறைக்குள் கோப்புறை வைக்கும் முறை 1960களில் மல்டிக்ஸ் இயக்குதளத்தோடு வேரூன்றியது.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூருக்கு ஆவணங்களைக் கட்டாகப் பிரித்து அடையாளமிடும் வழக்கம் பழையது. வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு (கி.பி. 921) ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விரித்துச் சொல்கிறது. முப்பது குடும்புகளின் (ஊர்ப் பிரிவுகளின்) பெயரோலைகளும் தனித்தனிக் கட்டுகளாகின. எந்தக் குடும்பினது என்று காட்டும் வாயோலை ஒவ்வொரு கட்டிலும் சேர்ந்தது. பிறகே கட்டுகள் குடத்துக்குள் போயின. சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கி, ஓர் ஓலையை எடுப்பார்கள். குடும்பு, அதனுள் பெயர் என்ற இந்த இரண்டடுக்கே ஒரு வீட்டுக் கணினிக்கும் பெரும்பாலும் போதும்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிய பிறகு கிராமத்து வீடுகள் பலவற்றுக்கு முதல் கணினி மாணவர் வழியே வந்தது. பாடத்தோடு பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் அதிலேயே சேர்ந்தன. பதிவிறக்கும் கோப்புகள் தாமாக 'டவுன்லோட்ஸ்' கோப்புறையில் குவியும். ஒரே பட்டாவை மூன்று முறை இறக்கினால் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1, 2 என்று எண் ஏறும். எது புதியது என்பது பெயரிலிருந்து விளங்காது.

படம் ஒரு பக்கம், பிடிஎஃப் ஒரு பக்கம் என்று கோப்பின் வகையால் பிரிப்பது தொடக்கநிலையாளரின் வழக்கமான பழக்கம். தேடும்போது அது உதவாது. இ-சேவை மையத்தில் கேட்பது 'மகளின் சாதிச் சான்று' என்பதே தவிர 'ஒரு பிடிஎஃப்' அன்று. ஆகவே வீட்டில் ஆளுக்கொரு கோப்புறை, நிலத்துக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று என்பது நல்ல தொடக்கம். மூன்றடுக்குக்கு மேல் போனால் வைத்தவருக்கே வழி மறக்கும்.

பெயரிடுவதில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சர்வே எண்ணை உட்பிரிவோடு 145/2 என்று எழுதுவதே வழக்கம். ஆனால் விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காத ஒன்பது குறிகளில் சாய்கோடும் ஒன்று. அதனால் 145-2 என்று இடைக்கோடு போட வேண்டும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் (2024-06-03) எழுதினால் கோப்புகள் தாமாகக் கால வரிசையில் நிற்கும். நாளை முதலில் எழுதினால் வெவ்வேறு ஆண்டுகள் கலந்துவிடும்.

தமிழிலும் பெயரிடலாம், யூனிகோடில் தட்டச்சு செய்தால். பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் தட்டினால் கோப்புப் பெயர் ஆங்கில எழுத்துகளின் சிதறலாகவே தெரியும். தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. எனினும் சில இணையதளங்கள் தமிழ்ப் பெயருள்ள கோப்பைப் பதிவேற்ற மறுப்பதுண்டு. அப்போது நகல் ஒன்றுக்கு ஆங்கிலப் பெயர் இடுவதே எளிது.

டெஸ்க்டாப்பில் இருப்பது பொதுவாக சி டிரைவில்தான் இருக்கிறது. பழுதுபார்ப்பவர் சி டிரைவை ஃபார்மேட் செய்தால் டெஸ்க்டாப்பில் உள்ளதும் போய்விடும். டி டிரைவுக்கு மாற்றுவது இதிலிருந்து காக்கும். ஆனால் வன்வட்டே பழுதானால் இரண்டும் போகும் என்பதால் பென் டிரைவில் ஒரு நகல் தேவை. விண்டோஸில் பென் டிரைவிலிருந்து நீக்கும் கோப்பு வழக்கமாக ரீசைக்கிள் பின்னுக்கு வராது. மாறாக, ஜெராக்ஸ் கடைக் கணினியில் சாதாரணமாக நீக்கிய ஆதார் நகல் அதன் ரீசைக்கிள் பின்னிலேயே கிடக்கும். கிளம்புமுன் அதையும் காலி செய்யச் சொல்ல வேண்டும்.