சிம்ப்சன்ஸும் ஃபேமிலி கய்யும்

அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் பத்தாண்டு இடைவெளியில் தொடங்கிய இரு கார்ட்டூன் நகைச்சுவைத் தொடர்கள் இவை. இரண்டிலும் மந்தபுத்திக்காரத் தகப்பன், பொறுமையான மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு நாய். அதனால் பின்னது முன்னதன் நகல் என்ற பேச்சு உண்டு. குடும்பத்தின் அச்சு ஒன்றுதான். சிரிப்பு பிறக்கும் இடம் வேறு. 'தி சிம்ப்சன்ஸ்' ஒரு துணுக்காகவே பிறந்தது. மேட் க்ரோனிங் படைத்த இக்குடும்பம் 1987 ஏப்ரலில் 'தி டிரேசி உல்மன் ஷோ'வின் இடையிடையே சில கணங்கள் தலைகாட்டியது. 1989 டிசம்பர் 17 அன்று அரைமணி நேரத் தொடரானபோது, நடிகர்கள் நடித்த நகைச்சுவைத் தொடர்களில் கைதேர்ந்த ஜேம்ஸ் எல். புரூக்ஸும் சாம் சைமனும் க்ரோனிங்குடன் சேர்ந்தார்கள்; துணுக்குக்குக் கதை கிடைத்தது. அன்று ஒளிபரப்பான கிறிஸ்துமஸ் கதையில் தகப்பன் ஹோமருக்கு போனஸ் இல்லை. சாண்டா வேடமிட்டுச் சம்பாதித்த 13 டாலரையும் நாய்ப் பந்தயத்தில் தொலைத்துவிட்டு, தோற்றதற்காக விரட்டப்பட்ட நாயோடு வீடு திரும்புகிறான். 1995இல் வந்த ஒரு கதை இன்னும் நுட்பமானது. விட்டுப்போன அணுமின் நிலைய வேலைக்கே ஹோமர் திரும்ப நேர்கிறது. இனி என்றைக்கும் உனக்கு இதே இடம்தான் என்று முதலாளி ஒரு பலகை மாட்டிவைக்கிறார். கைக்குழந்தை மேகியின் படங்களை அதன் மேல் ஒட்டி, அவளுக்காக உழை என்று மட்டும் படிக்கும்படி எழுத்துகளை மறைத்துவிடுகிறான் ஹோமர். கேலியும் கண்ணீரும் ஒரே பலகையில்.

சேத் மக்ஃபார்லேன் உருவாக்கி 1999 ஜனவரி 31 அன்று வந்த 'ஃபேமிலி கய்' வண்டியைத் திருப்பி ஓட்டியது. யாரோ பழைய சம்பவம் ஒன்றைச் சொல்ல, கதை நிற்கிறது; சம்பந்தமில்லாத ஒரு துண்டுக்காட்சி வெடித்து மறைகிறது. இதில் கட்டுக்கோப்பு இல்லை என்பதே வலுவான குற்றச்சாட்டு. தொட்டியில் நீந்தும் கடற்பசுக்கள் சொற்கள் எழுதிய பந்துகளைப் பொறுக்கித்தான் இத்தொடரை எழுதுகின்றன என்று 2006இல் 'சவுத் பார்க்' என்ற இன்னொரு கார்ட்டூன் தொடர் கிண்டலடித்தது. அது பாதி உண்மை. கதையில் சாய முடியாத துணுக்கு தன் பாரத்தைத் தானே சுமக்க வேண்டும். அதற்குக் காலக்கணக்கு துல்லியமாக வேண்டும். 2000இல் வந்த ஒரு கதையில் ஃபேமிலி கய்யின் தகப்பன் பீட்டர் தடுக்கி விழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சை உறிஞ்சி முனகுகிறான், மறுபடி முனகுகிறான். முதலில் சிரிக்கிறோம், பிறகு சலிக்கிறோம், அப்புறம் இது முடியவில்லையே என்பதற்காகவே சிரிக்கிறோம். இந்த வித்தையும் சிம்ப்சன்ஸிடமிருந்தே வந்தது என்று மறுக்கலாம். 1993இல், நீளம் போதாமல் நீட்டப்பட்ட ஒரு கதையில், வில்லன் சைட்ஷோ பாப் ஒன்பது முறை இலைவாரியை மிதித்து முகத்தில் அடிவாங்குகிறான். ஆனால் அவன் பழிவாங்க வந்தவன். ஒவ்வோர் அடியும் அவன் கர்வத்தில் விழுகிறது. பீட்டரின் முழங்காலில் வலியைத் தவிர வேறொன்றும் இல்லை.

2002இல் நிறுத்தப்பட்ட ஃபேமிலி கய், டிவிடி விற்பனையாலும் 'அடல்ட் ஸ்விம்' என்ற தொலைக்காட்சிப் பிரிவின் மறுஒளிபரப்பாலும் 2005இல் உயிர்பெற்றது. எங்கிருந்து பார்த்தாலும் சிரிக்கவைக்கும் துணுக்குக்கு மறுஒளிபரப்பு தோதான இடம்தான். அதற்குக் கொடுத்த விலையும் பெரிது: மகள் மெக்கை வீடே அவமானப்படுத்துகிறது, அடுத்த வாரம் தடயமே இல்லை. சிம்ப்சன் வீட்டு மகள் லிசாவின் துயரம் அப்படித் துடைத்துப்போவதில்லை. அதனாலேயே சிம்ப்சன்ஸின் சிரிப்பு ஆழமானது. 2014இல் இரு குடும்பங்களும் ஃபேமிலி கய்யின் ஒரு சிறப்புக் கதையில் சந்தித்தன. இடம் சிம்ப்சன்களின் ஸ்ப்ரிங்ஃபீல்ட். ஆனால் தகப்பன்மார் இருவரும் ஊரையே உடைத்துக்கொண்டு நெடுநேரம் போட்ட சண்டை பீட்டர் வீட்டு வழக்கம்.