டயலாஜிக் குரல் அட்டைகள்

டயலாஜிக் குரல் அட்டைகள், தொலைபேசி இணைப்புகளைத் தனிநபர் கணினியோடு சேர்த்துவைத்த விரிவாக்க அட்டைகள். அழைப்பை எடுப்பது, பதிவான குரலைக் கேட்கச்செய்வது, பேசுவதைப் பதிவுசெய்வது, அழுத்திய எண்ணை அறிவது எல்லாம் இவற்றின் வேலை. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1983-இல் தொடங்கப்பட்ட டயலாஜிக் நிறுவனம் இவற்றைத் தயாரித்தது. 1990-களின் குரல் அஞ்சல், ஐ.வி.ஆர். (அழுத்தும் எண்ணுக்கேற்பத் தானாகப் பதிலளிக்கும் குரல்) சேவைகள் பலவும் இவற்றை நம்பியே இயங்கின.

அன்றைய 286, 386 கணினிகளால் பல இணைப்புகளின் குரலைத் தடங்கலின்றி ஒரே நேரத்தில் கையாள முடியவில்லை. எனவே அட்டையிலேயே டி.எஸ்.பி. எனும் தனிச் செயலி அமைந்தது. கணினி தொடங்கியதும் அந்தச் செயலியை இயக்கும் ஃபர்ம்வேர் அட்டைக்குள் ஏற்றப்படும்; அதன்பின் கணினி கட்டளை மட்டும் இடும். டி/41 வரிசை நான்கு அனலாக் இணைப்புகளுக்கானது. டி/240எஸ்சி-டி1 அட்டை 24 தடங்களையும், டி/300எஸ்சி-இ1 அட்டை 30 தடங்களையும் தாங்கின.

எண் விசையை அறிவது எளிய வேலையன்று. ஒவ்வொரு விசையும் இரண்டு அதிர்வெண்களைச் சேர்த்து ஒலிக்கும். '5' என்றால் 770, 1336 ஹெர்ட்ஸ். மனிதக் குரலிலும் இத்தகைய சேர்க்கை தற்செயலாக வரும். அதை விசையென்று எண்ணிவிடக் கூடாது. ஒலித்துக்கொண்டிருக்கும் அறிவிப்பின் எதிரொலிக்கு நடுவிலும் உண்மையான விசையைத் தவறவிடக் கூடாது. நாட்டுக்கு நாடு மாறும் தொனிகள் இன்னொரு சிக்கல். அமெரிக்காவின் பிஸி தொனி 480, 620 ஹெர்ட்ஸ் சேர்ந்தது. இந்தியாவில் 400 ஹெர்ட்ஸ். எதிர்முனையில் இருப்பவர் தொலைபேசியை வைத்துவிட்டதை இந்தத் தொனியால் மட்டுமே அறியக்கூடிய இணைப்புகளில், உள்ளூர்த் தொனியை அட்டைக்குக் கற்பிக்காவிட்டால் இணைப்பு விடுபடாமல் கிடக்கும். டயலாஜிக் அட்டைகளின் உண்மையான மதிப்பு இந்தக் கண்டறியும் மென்பொருளில்தான் இருந்தது.

அட்டைகள் தமக்குள் குரலைப் பரிமாற, கணினியின் பாதையைத் தொடாத தனி நாடாக்கம்பி உண்டு. இதற்கு நேச்சுரல் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் எம்விப் முறையை முன்வைக்க, டயலாஜிக் 1993-இல் எஸ்சிஎஸ்ஏ கட்டமைப்பை அறிவித்தது. பின்னர் வந்த எச்.100 பொதுத்தரம் குரல் செல்வதற்கு 4,096 காலத்துண்டுகளைத் தந்தது.

1999-இல் இன்டெல் டயலாஜிக்கை வாங்கியது. 2006-இல் அந்த வணிகம் ஐகான் நிறுவனத்துக்குக் கைமாற, ஐகான் டயலாஜிக் என்றே பெயர் மாற்றிக்கொண்டது. அதற்குள் கணினிச் செயலிகள் வேகம் பெற்றுவிட்டன. ஆஸ்டரிஸ்க் போன்ற திறமூல மென்பொருள் இவ்வேலைகளைக் கணினியின் செயலியிடமே விட்டது. இணையவழிக் குரல் பரவியபின் தொலைபேசிக் கம்பியே கணினிக்குள் வரவேண்டியதில்லை என்றாயிற்று.

மிஞ்சியிருப்பவை, இவ்வட்டைகள் பதிவுசெய்த குரலைக் கொண்ட .vox கோப்புகள். நான்கு பிட் ஏடிபிசிஎம் முறையில் சுருக்கப்பட்ட இவை, நொடிக்கு 6,000 மாதிரிகள் என்றால் நிமிடத்துக்கு 180 கிலோபைட் மட்டுமே பிடிக்கும். ஆனால் மாதிரி வீதத்தைச் சொல்லும் தலைப்புத் தகவல் இவற்றில் கிடையாது. 6,000-இல் பதிந்ததை 8,000-இல் ஒலித்தால் குரல் கீச்சிடும். பழைய சேவையகத்தைக் கழிக்கும் நிறுவனங்கள் மாதிரி வீதத்தைக் குறித்துக்கொண்டு, இப்பதிவுகளை முதலில் வேவ் வடிவுக்கு மாற்றிவிட வேண்டும்.