கிளி எடுத்த சீட்டு

2024 ஏப்ரலில் தேர்தல் சூடு ஏறியிருந்த நேரம். கடலூர் தொகுதி பா.ம.க. வேட்பாளர், இயக்குநர் தங்கர் பச்சான், தென்னம்பாக்கம் அய்யனார் கோயிலருகே கிளி ஜோசியம் பார்த்தார். கிளி எடுத்துக் கொடுத்தது அந்தக் கோயில் சாமியின் படம் உள்ள சீட்டு. வெற்றி உறுதி என்றார் ஜோசியர். வீடியோ பரவியதும் வனத்துறை வந்தது. 1972 வனவிலங்குச் சட்டப்படி பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். கிளிகளைப் பறிமுதல் செய்து, ஜோசியரை எச்சரித்து அனுப்பினார்கள். ஜூனில் வாக்கு எண்ணியபோது ஜெயித்தவர் காங்கிரஸின் விஷ்ணு பிரசாத்.

செய்தியெல்லாம் கிளியைப் பற்றி வந்தது. எனக்குச் சீட்டின் மேல்தான் கண்.

உள்ளங்கை அகல மடிப்பு அட்டை. அலகு பட்டுப் பட்டு ஓரம் பிசிறடித்து, கை பட்ட இடம் பழுப்பேறியிருக்கும். கட்டுக்கு 27 என்பது வழக்கம், நட்சத்திரத்துக்கு ஒன்றாக. உள்ளே முருகன், மாரியம்மன், சனி பகவான். கூடவே இயேசு, வேளாங்கண்ணி மாதா. கிளி நாலைந்தைத் தள்ளிவிட்டு ஒன்றை உருவும். கூலி ஒரு நெல்.

அந்த முருகனுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1894-ல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் சாமிகள் வண்ணக் காகிதத்தில் ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்தார்கள். பிறகு கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைய, சிவகாசி அச்சடிக்க, அதே உப்பிய கன்னமும் ரோஸ் உதடும் காலண்டர்தோறும் ஏறின. சீட்டில் சிரிப்பவர் அந்தக் காலண்டர் முருகனின் சின்னத் தம்பி.

மேல்நாட்டு ஜோசியச் சீட்டான டாரட் வந்த வழி வேறு. 15-ஆம் நூற்றாண்டில் மிலான் பிரபுக்கள் தங்க ரேக்கு ஒட்டி வரையச் செய்த விளையாட்டுச் சீட்டு அது. முந்நூறு வருஷம் கழித்து, 1781-ல் கூர் த ஜெபலன் என்ற பிரெஞ்சுக்காரர் அதை எகிப்தியப் பூசாரிகளின் ரகசிய ஞானம் என்று எழுதினார். அப்போது எகிப்திய எழுத்தை வாசிக்கவே ஆளில்லை! 1909-ல் லண்டனில் பமேலா கோல்மன் ஸ்மித் 78 சீட்டையும் வரைந்தபோது பூ, நாய், மலை என எல்லாவற்றுக்கும் அர்த்தம் கற்பித்தாயிற்று.

கிளிச் சீட்டில் அப்படி எதையும் ஒளித்து வைப்பதில்லை. அர்த்தம் ஜோசியர் வாயில் இருக்கிறது. கல்யாணமாகாத பெண்ணுக்கு வள்ளி மணாளனாக வரும் முருகன், வழக்கில் மாட்டியவருக்கு வேல் பிடித்து நிற்பார். டாரட்டில் மரணம் குதிரையேறி வரும். இங்கே சனியே வந்தாலும் பரிகாரம் உண்டு. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் சாமி படம்கூட வேண்டியிருக்கவில்லை. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் மணி என்ற கிளி தேசியக் கொடி போட்ட சீட்டுகளை எடுத்தது. காலிறுதிகளைச் சரியாகச் சொன்ன மணி, இறுதிப் போட்டிக்கு நெதர்லாந்தை எடுக்க, ஸ்பெயின் ஜெயித்தது.

அதே கடலூர் தொகுதியில் இருக்கும் நெய்வேலியில் வேலுடையான்பட்டு முருகனுக்குப் பங்குனி உத்திரத்தில் கூட்டம் நெரியும். இப்படிப்பட்ட திருவிழாக்கள்தான் கிளி ஜோசியருக்கு அறுவடைக் காலம். 1956-ல் நிலக்கரி நிறுவனம் வந்தது முதல் இந்த ஊர்க் கேள்விகளே தனி. காண்ட்ராக்ட் வேலை பர்மனென்ட் ஆகுமா, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த வீட்டில் பையனுக்கு ஆர்டர் வருமா? சாமிகள் இருக்கும் சீட்டில் சுரங்கத்துக்கு எங்கே போவது? முருகன் வந்தால் ‘தை பிறக்கட்டும்’ என்பார் ஜோசியர். சனி வந்தால் ‘எள் விளக்குப் போடு, ஆபீசர் மனசு இறங்கும்’ என்பார்.

அதில் திருப்தி இல்லாதவர்களுக்கு ஊரிலேயே நடராஜர் கோயில் இருக்கிறது. குறையை மனுவாக எழுதிப் போட்டு மணியடிக்கலாம். சொல்ல வேண்டியதை நாமே எழுதிக்கொள்ளலாம், நெல்லும் மிச்சம்.